நீண்ட வால் வேண்டாம்

கூடத்தில் அம்மாவின் கட்டில் இருந்த இடத்தில் இப்போது மீன்தொட்டி இருக்கிறது. மருத்துவமனையில் இருப்பது போன்ற ஏற்றி இறக்கும் கட்டில் அது. வாடகைக்கு எடுத்திருந்தோம். அம்மா போன பிறகு ஆட்கள் வந்து அதைக் கழற்றி எடுத்துப் போனார்கள். சக்கரம் அழுத்திய குழிகள் மட்டும் தரை விரிப்பில் நின்றுவிட்டன. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் கண் முதலில் அங்கேதான் போகும். அந்த இடத்தில் எதையாவது வைக்க வேண்டும் என்று நினைத்தேன். அலமாரி வைத்தால் ஜன்னலை மறைக்கும். சோபா வாங்கினால் உட்கார ஆள் வேண்டும்.

எங்கள் ஆங் மோ கியோ அடுக்குமாடி புளோக்குக்கு இரண்டு புளோக் தள்ளி, கோப்பிக்கடையை ஒட்டி ஒரு மீன்கடை இருக்கிறது. வாசலில் சண்டை மீன்களைச் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் குவளைகளில் வரிசையாக அடுக்கியிருப்பார்கள். ஒன்றை ஒன்று பார்த்துவிடாதபடி குவளைகளுக்கு நடுவில் அட்டை சொருகியிருக்கும். பார்த்துவிட்டால் செவுளை விரித்துக்கொண்டு நாள் முழுவதும் குவளையோடு மல்லுக்கு நிற்கும். வரிசையின் கடைசியில் நீல மீன் ஒன்று இருந்தது. அதற்கு ஒரு பக்கம் அட்டை, மறுபக்கம் சுவர். அதைக் காட்டினேன். கடைக்கார அங்கிள் தொட்டி வேண்டுமா என்றார், தலையாட்டினேன். பெரிய தொட்டியில்தான் தண்ணீர் சீக்கிரம் கெடாது என்றார், அதற்கும் தலையாட்டினேன். கடைசியில் இரண்டடித் தொட்டி, வடிகட்டி, விளக்கு, மணல், மரக்கட்டை, செடி எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் வைத்து மின்தூக்கியில் ஏற்றும் அளவுக்கு ஆகிவிட்டது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு எப்போதும் வராது.

எனக்குத் தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவில் ஒரு மளிகைக் கடையின் பின்கட்டில் வேலை. மல்லித்தூள், மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் எல்லாம் நிறுத்துப் பொட்டலம் போட்டு ஒட்டுவது. முன்னால் நின்று வியாபாரம் பார்க்கச் சொல்லி முதலாளி ஒருமுறை நிறுத்திப் பார்த்தார். யாராவது விலை கேட்டால் நான் விலைச்சீட்டைக் கையால் காட்டினேன். பிறகு அவரே பின்னால் அனுப்பிவிட்டார். தீபாவளி நேரத்தில் வெளியே சிராங்கூன் சாலை முழுக்க விளக்கும் கூட்டமுமாக இருக்கும்போது, உள்ளே நானும் எடை மெஷினும் மட்டும் இருப்போம். அதில் எனக்குக் குறை ஒன்றும் இருந்ததில்லை. வீட்டுக்குப் போனால் பேச அம்மா இருந்தார்.

பாசிர் ரிஸிலிருந்து அண்ணி வந்து தொட்டியைப் பார்த்தார். அண்ணன் மனைவி, மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறவர்.

"மீனுக்கு ரெண்டடி வீடு, ஒனக்கு மூணு ரூம் வீடு. ரெண்டு பேரும் ஒரு மூலையிலதான் ஒக்காந்துருக்கீங்க" என்றார்.

"அது அப்பிடித்தான் இருக்கும் அண்ணி."

"என்ன அப்பிடித்தான்? ஒத்தையா விட்டா எது நல்லா இருக்கும்? அதுக்கு ரெண்டு ஜோடி வாங்கிப் போடு. நீயும் காலியா கெடக்குற அந்த ரூமுக்கு யாராச்சும் ஒரு பொண்ண வாடகைக்கு வை. செவுத்தோட பேசிக்கிட்டு இருக்காத."

"நான் செவுத்தோட பேசல அண்ணி."

"அதுகூடப் பேசலயே, அதத்தான் சொல்றேன்" என்றார்.

மீனுக்குத் துணை தேடுவது முதலில் சுலபமாகத் தெரிந்தது. கடைக்காரரிடம் கேட்கக் கூச்சமாக இருந்ததால் வேறொரு கடையில் நானே பார்த்து கப்பி மீன்களை வாங்கினேன். விசிறி போன்ற வால், அதில் ஆரஞ்சும் கறுப்பும் புள்ளி. இவனுக்கும் நீண்ட வால், அவற்றுக்கும் நீண்ட வால். பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். எனக்கு வரன் பார்த்த காலத்தில் எங்கள் வீட்டிலும் இப்படித்தான் உயரத்துக்கு உயரம், நிறத்துக்கு நிறம் என்று பார்த்தார்கள். ஒன்றும் அமையவில்லை.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்து பார்த்தால் கப்பிகளின் வால் கந்தல் கந்தலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்று வடிகட்டிக்குப் பின்னால் செருகிக்கொண்டு மூச்சு வாங்கியது. தொட்டியின் நடுவில் என் மீன் செவுளை விரித்தபடி நின்றான். அவ்வளவு கம்பீரமாக அவனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கையில் வலை இல்லை. டீ வடிகட்டியை எடுத்துக் கப்பிகளை ஒவ்வொன்றாகக் காப்பாற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு பழைய அங்கிளிடமே போனேன்.

பையைத் தூக்கிப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசுவார்.

"ஆண்ட்டி, லாங் டெயில் கேனாட் லா" என்றார். "ஹீ திங்க் அனதர் ஃபைட்டர் கம்மிங்."

வண்ணமும் நீண்ட வாலும் உள்ள எதைப் பார்த்தாலும் இன்னொரு சண்டை மீன் தன் இடத்தைப் பிடிக்க வந்துவிட்டது என்றுதான் அவன் நினைப்பான் என்று விளக்கினார். வேகமாக ஓடுகிற மீன் வேண்டாம், அவனுக்குப் படபடப்பு. துடுப்பைக் கடிக்கும் மீன் வேண்டவே வேண்டாம், அப்போது இவன் வால் கந்தலாகிவிடும். சில சண்டை மீன்கள் எதையுமே சேர்க்காது. அப்படியென்றால் விட்டுவிட வேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஹீ டோன்ட் நீட் ஃபிரெண்ட். யூ வான்ட் ஃபிரெண்ட், இஸ் இட்?"

நான் வழக்கம்போல் தலையாட்டினேன்.

அவர் உள்ளே போய் ஒரு பை நிறையத் தண்ணீரும் அடியில் சுருண்ட சில மீன்களுமாக வந்தார். மண்புழு அளவுதான் இருக்கும். மஞ்சள் உடம்பில் பழுப்புப் பட்டை, வாயருகே மீசை. லோச் என்றார். இவை அடித்தரையை விட்டு மேலே வருவதில்லை. ஒன்றாக வாங்கக்கூடாது, ஐந்தாறு சேர்ந்து இருந்தால்தான் பயமில்லாமல் இருக்கும். சண்டை மீனுக்கு மூச்சு மேலே, இவற்றுக்கு வாழ்க்கை கீழே. ஒளிந்துகொள்ள நிறைய இடம் கொடு, கண்ணாடியைத் தட்டாதே, தொந்தரவு செய்யாதே. முக்கியமாக, புதியவர்களை விடுவதற்கு முன் செடியையும் மரக்கட்டையையும் இடம் மாற்றி வை. இது தன் வீடு என்பது அவனுக்குக் கொஞ்சம் குழம்ப வேண்டும் என்றார். பிறகு என் விரல்களில் ஒட்டியிருந்த மஞ்சளைக் காட்டி, கறித்தூள் கையைத் தண்ணீருக்குள் விடாதே, நன்றாகக் கழுவு என்றும் சொன்னார்.

எல்லாவற்றையும் அப்படியே செய்தேன். என் மீன் செவுளை விரித்துக்கொண்டு கீழே வந்தான். கோபப்பட அங்கே வால் எதுவும் கிடைக்கவில்லை. ஒருமுறை சுற்றிவிட்டு மேலே போய்விட்டான். லோச்சுகள் மரக்கட்டைக்கு அடியில் மறைந்தன. முதல் சில நாட்கள் அவை செத்துவிட்டன என்றே நினைத்தேன். இரை போட்டால் மட்டும் கட்டைக்குக் கீழிருந்து மீசைகள் எட்டிப் பார்க்கும். வாரத்துக்கு ஒருமுறை ஐஸ் கட்டி மாதிரி உறைந்த ரத்தப்புழு ஒரு துண்டு போடுவேன். அதற்கு மட்டும் எல்லாமே வெளியே வரும், மேலே இருப்பவனும் கீழே இருப்பவையும்.

இது அமைந்த தைரியத்தில்தான் அறையை வாடகைக்கு விட ஒப்புக்கொண்டேன். அண்ணியின் சிநேகிதி மூலம் ஒரு பெண் வந்தாள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஒரு மருத்துவமனையில் தாதியாக இருப்பவள். முப்பது வயது இருக்கும். முதலில் ஆறு மாதத்துக்குத்தான் ஒப்பந்தம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பேச்சு.

"நான் சுத்த சைவம் மேடம்" என்றாள். "நீங்க என்ன சமைச்சாலும் பரவால்ல. ஃப்ரிட்ஜுல மட்டும் கொஞ்சம் தள்ளி வெச்சீங்கன்னா போதும்."

அவள் கை வைத்திருந்த குளிர்பெட்டியின் மேல் அறையில் ரத்தப்புழு இருந்தது. நான் தலையாட்டினேன்.

அவள் பெட்டியோடு குடிவருவதற்கு முன் வீட்டையும் கொஞ்சம் மாற்றி வைத்தேன். அம்மாவின் அலமாரியை என் அறைக்குத் தள்ளினேன். குளியலறையில் என் சோப்பையும் துண்டையும் எடுத்துவிட்டு இடம் கொடுத்தேன். மீனும் கோழியும் வாங்குவதை நிறுத்தினேன். புழுவை மட்டும் எறிய மனம் வரவில்லை. காலியான பரோட்டா பாக்கெட் ஒன்றில் அதைப் போட்டு, வாயை மடித்து, ஐஸ் தட்டுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். பரோட்டாவை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

அவளுக்கு மாறி மாறி வரும் வேலை நேரம். இரவு வேலை முடிந்து காலையில் வந்து பகல் முழுக்கத் தூங்குவாள். அவள் தூக்கம் கெடக்கூடாது என்று நான் கவனமாக இருந்தேன். செருப்பில்லாமல் நடந்தேன். டிவியைச் சத்தமில்லாமல் வைத்து எழுத்தை மட்டும் படித்தேன். விசில் அடிக்குமே என்று குக்கரை எடுப்பதில்லை, சாதத்தைப் பானையில் வடித்தேன். கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் வெளிக்கதவைத் திறக்கும் சத்தம் கேட்டால், தட்டை எடுத்துக்கொண்டு என் அறைக்குப் போய்விடுவேன். வேலை பார்த்துக் களைத்து வருகிற பெண், வந்ததும் வீட்டுக்காரி முகத்தில் விழிக்க வேண்டுமா என்று நினைப்பேன். உள்ளே கட்டிலில் உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிடுவேன்.

அதில் ஒரு சந்தோஷமும் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குழாய் திறக்கும் சத்தம், தலைமுடி காயவைக்கும் மெஷின், ஊருக்குப் போன் போட்டு அவள் அம்மாவோடு பேசிச் சிரிப்பது, எல்லாம் கேட்கும். என்ன பேசுகிறாள் என்று காது கொடுக்கவில்லை. பேச்சுச் சத்தம் வீட்டுக்குள் இருந்தாலே எனக்குப் போதும். ஆறு மாதம் முடிந்தாலும் இவள் போய்விடக்கூடாது என்பது மட்டும்தான் அப்போது எனக்கிருந்த வேண்டுதல். அவளிடம் அதைச் சொல்லும் துணிச்சல் இல்லை. தொந்தரவு கொடுக்காமல் இருந்தால் தானாக இருந்துவிடுவாள் என்று நம்பினேன்.

எனக்கு விடுமுறையான ஒரு காலையில் அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள்.

"மேடம், கொஞ்சம் வர்றீங்களா?"

போனேன். தோசைக்கல் அடுப்பில் காய்ந்துகொண்டிருந்தது. மேடையில் பரோட்டா பாக்கெட் பிரிந்து கிடந்தது. ஒரு தட்டில் சிவப்புத் துண்டு ஒன்று உருகி, புழுக்கள் நூல் நூலாகப் பிரிந்துகொண்டிருந்தன.

"இது என்னது மேடம்?"

"பரோட்டா" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

அவள் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதுவா?"

"மீனுக்கு" என்றேன். "மன்னிச்சிரும்மா. நீ சைவம்னு சொன்ன, அதான் ஒளிச்சு வெச்சேன். இப்பவே தூக்கிப் போட்டுர்றேன்."

"ஏன், மீன் என்ன என் தட்டுலயா சாப்பிடப்போவுது? நான் நர்சு, அக்கா. ட்யூட்டில பாக்காததயா இங்க பாத்துட்டேன்." அடுப்பை அணைத்தாள். "ராத்திரி பூரா பரோட்டா நெனப்புலயே இருந்தேன், அதான் வருத்தம். உள்ள ஒண்ணுகூட நெசமானது இல்லியா?"

"இல்ல."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சிரித்து நாளாகியிருந்தது. மேடம் அக்காவாகிவிட்டதைக்கூடப் பிறகுதான் கவனித்தேன்.

உருகியதை வீணாக்காமல் தொட்டியில் போடலாம் என்று அவளே தட்டை எடுத்து வந்தாள். புழு மணலில் இறங்கியதும் லோச்சுகள் கட்டைக்கு அடியிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இத்தனை மாதமாக அந்தத் தொட்டியில் அவள் பார்த்தது நீல மீனை மட்டும்தான்.

"அட, இதெல்லாமும் உள்ளதான் இருக்கா?" என்று முட்டி போட்டுக் குனிந்தாள். "அக்கா, இது அயிரை. எங்கூரு அயிரை மாதிரியே இருக்கு, பட்டைதான் புதுசு. பக்கத்து வீட்டு அத்தை கொழம்பு வெச்சா எங்க அடுப்படி வரைக்கும் மணக்கும்."

"நீ சைவம்னு சொன்ன?"

"மூக்கு சைவம்னு நான் சொல்லலயே. சின்னப் புள்ளையா இருக்கப்ப ஒரு தடவ தொட்டு நாக்குல வெச்சிருக்கேன். எங்கம்மா ஃபோன் பண்ணா சொல்லிராதீங்க."

அவள் அம்மா எனக்கு எதற்குப் போன் பண்ணப்போகிறார்? ஆனாலும் சொல்ல மாட்டேன் என்றேன்.

தூங்கப் போகும்போது கதவருகே நின்றாள். "ஒரு வார்த்த சொல்லிருந்தீங்கன்னா தனி டப்பாவே வெச்சிருக்கலாம்லக்கா. எதுக்கு இப்பிடி ஒளிச்சு மறைச்சு?"

நான் தலையாட்டிவிட்டுத் தட்டைக் கழுவப் போனேன். அடுத்த நாள் அவள் வரும்போது கூடத்திலேயே இருப்பது என்று முடிவு செய்தேன். விடுமுறை என்றாலும் சாயங்காலம் தேக்காவுக்குப் போய் நல்ல பரோட்டாவாகப் பார்த்து வாங்கி வந்தேன். மறுநாள் காலை வெளிக்கதவுச் சத்தம் கேட்டதும் கை தானாகத் தட்டை எடுத்தது, கால் தானாக அறைக்குள் போனது. பரோட்டா வாங்கி வைத்திருக்கிறேன் என்று சொல்லவுமில்லை. அவளே கண்டுபிடித்துச் சுட்டுச் சாப்பிட்டுத் தோசைக்கல்லைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். மறுபடி வாங்கி வைத்தேன். அதுவும் தீர்ந்தது. அடுத்த சில வாரங்கள் எங்களுக்குள் பேச்சு என்றால் அந்தப் பரோட்டா பாக்கெட்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய்த் திரும்பினால், அவள் கூடத்தில் தொட்டிப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, ஒரு நிமிசம் ஒக்காருங்களேன்."

காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"அடுத்த மாசத்தோட ஆறு மாசம் முடியுதுல்ல. எங்கூட வேல பாக்குற ரெண்டு பேரு பொங்கோல்ல வீடு எடுக்குறாங்க. நானும் வர்றேன்னு சொல்லிட்டேன்."

"புழுவாலயா?" என்று கேட்டேன்.

"ஐயோ, அதெல்லாம் இல்லக்கா." சிரித்தாள், பிறகு சிரிப்பை விட்டாள். "ஒங்களுக்கும் நிம்மதியா இருக்கும்னுதான்."

"எனக்கா?"

"நான் வந்தாலே தட்டோட எந்திரிச்சு உள்ள போயிர்றீங்க. டிவி சத்தத்தக் கொறச்சிர்றீங்க. குக்கர் இருந்தும் பானையில வடிக்கிறீங்க. ஒங்க வீட்டுலயே நீங்க ஒளிஞ்சு ஒளிஞ்சு நடக்குறதப் பாக்க எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. அன்னிக்குச் சிரிச்சீங்க, சரி, இனிமே நல்லாப் பேசுவீங்கன்னு நெனச்சேன். மறுநாளும் தட்டத் தூக்கிட்டுப் போயிட்டீங்க. ஏதோ கட்டாயத்துக்கு வாடகைக்கு விட்டுட்டாங்க, ஆளப் பிடிக்கல போலன்னு விட்டுட்டேன்."

"நீ தூங்கணும்னுதான்" என்றேன். "சத்தம் போட்டா ஒனக்கு…"

"எங்க வீட்டுல எட்டுப் பேரு, அக்கா. டிவி ஒரு பக்கம், சண்ட ஒரு பக்கம். எனக்குச் சத்தம் இருந்தாத்தான் தூக்கம் வரும். இங்க வந்து ஃபோன்ல எதையாச்சும் ஓட விட்டுட்டுத்தான் தூங்குறேன்."

தொட்டியில் வடிகட்டித் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. இரு, போகாதே என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான் என்று எனக்குத் தெரிந்தது.

"அங்க சொல்லிட்டியா?" என்றுதான் வந்தது.

"சொல்லிட்டேன்க்கா. மூணு பேருன்னு வெச்சுத்தான் வீடே பாத்துருக்காங்க. இப்ப நான் பின்வாங்க முடியாது." நாற்காலியை விட்டு எழுந்தபடி, "நீங்க முன்னாடியே சொல்லிருக்கலாம்" என்றாள்.

மிச்சமிருந்த நாட்களில் குக்கர் வைத்தேன். அவள் தூங்கும் நேரத்திலேயே பருப்பு வைத்தேன். விசில் வந்தால் உள்ளேயிருந்து அரைத்தூக்கத்தில் குரல் வரும்: "மூணு போதும்க்கா, கொழஞ்சிரும்." எழுந்து வந்து சாப்பிடுவாள். நானும் தட்டோடு தொட்டிக்கு எதிரில் உட்காருவேன். எனக்கு அவ்வளவாகப் பேச வரவில்லை. அவள் நோயாளிகள் பற்றி, பொங்கோல் வீட்டில் தனக்குக் கிடைக்கப்போகிற சின்ன அறை பற்றி, பேசிக்கொண்டே இருப்பாள். நடுவில் எனக்கும் ஒன்றிரண்டு வார்த்தை வரும். போகிற அன்று மீன்களுக்கு அவள் கையால் புழு போட்டாள். அயிரையிடம் தனியாகச் சொல்லிக்கொண்டாள். நானும் மின்தூக்கி வரை பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

முதலில் சில வாரம் செய்தி அனுப்பினாள். அயிரை எப்படி இருக்கிறது என்பாள், படம் எடுத்து அனுப்புவேன். படத்தில் மணலும் கட்டையும்தான் தெரியும். பிறகு அவளுக்கு வேலை கூடிவிட்டது. அண்ணி வேறு ஆள் பார்த்துத் தரட்டுமா என்று கேட்டார். பாருங்கள் என்று சொன்னேன். இம்முறை அது தலையாட்டல் இல்லை. வருகிறவர் சத்தம் பிடிக்கும் ஆளா, பிடிக்காத ஆளா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள் என்றும் சொன்னேன். "இது என்னடி புதுப் பொருத்தம்?" என்றார் அண்ணி. இதுவரை யாரும் அமையவில்லை.

இப்போது கூடத்தில்தான் சாப்பிடுகிறேன். டிவியைச் சத்தமாக வைக்கிறேன். பக்கத்து வீட்டுக் கம்பிக் கதவும் எங்கள் கதவும் ஒரே மாதிரி கிறீச்சிடும். நேற்றுச் சாயங்காலம் அது திறக்கிற சத்தம் கேட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு பாதி எழுந்துவிட்டேன். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். என் அசைவைப் பார்த்து இரை என்று நினைத்து நீல மீன் கண்ணாடிக்கு வந்தான். கட்டைக்கு அடியில் ஒரு மீசை தெரிந்தது. கை முழுக்கக் குழம்பாக இருந்தது. கழுவிவிட்டு வந்து போடலாம் என்று மெதுவாகச் சாப்பிட்டு முடித்தேன்.